நாற்பது விநாடித் தண்ணீர்

கப்பலூர் தொழிற்பேட்டையின் கடைசிச் சுவரைத் தாண்டி நான்குவழிச் சாலைக்கு வந்த பிறகும் என் செருப்பில் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்காலி வார்க்கும் கொட்டகை ஒன்றில் பதினோரு நாள் நின்றேன். அங்கே நாளுக்கு நானூறு நாற்காலி செய்வோம், உட்கார ஒன்று கிடையாது. பன்னிரண்டாம் நாள் காலை மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னேன். "நீ உக்கார வந்தியா, வேல பாக்க வந்தியா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இரண்டுக்கும் வரவில்லை என்று தோன்றியதால் பையை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தேன்.

நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன். ஒன்பதாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். உப்பளம், மலேசியாவில் செம்பனைத் தோட்டம், திருப்பூரில் சாயப்பட்டறை என்று போனது காலம். மலேசியாவை விட மதுரை எனக்கு வெளிநாடாகத் தெரிந்தது. அங்கே பேச்சு புரியாது என்று தெரிந்துதான் போனேன். இங்கே புரியும் என்று நம்பி வந்தேன். வழி கேட்டால் "இங்கிட்டுப் போயி அங்கிட்டுத் திரும்புங்க" என்கிறார்கள். கை எந்தப் பக்கமும் நீளுவதில்லை.

பழைய இரும்பு ஏற்றிய மினி லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. "எந்தூரு மாப்ள?" என்றார் ஓட்டுநர். வேதாரண்யம் என்றேன். "அப்ப தஞ்சாவூரு. ஏறு." அன்றிலிருந்து இந்த ஊரில் என் பெயர் தஞ்சாவூரு.

கோரிப்பாளையம் சந்திப்பின் நட்டநடுவில் லாரி நின்றுவிட்டது. ஓட்டுநர் பதறவில்லை. "எறங்கித் தள்ளு மாப்ள, இதுக்குத்தான ஏத்துனேன்" என்றார். தள்ளினேன். நகரவில்லை. நான்கு பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து எங்களை இடிக்காமல் வளைந்து போயின. லாரிக்குப் பின்னால் மட்டும் ஒரு ஷேர் ஆட்டோவும் இரண்டு பைக்குகளும் எப்படியோ திரும்பிக்கொண்டு, வந்த திசையையே பார்த்து நின்றன. அவர்கள் என்னைத் திட்டியது முழுவதும் புரிந்தது. மதுரைத் தமிழில் எனக்குச் சிரமமில்லாமல் புரிந்த முதல் பகுதி அதுதான்.

சந்து முனையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றார்கள். எங்கள் பக்கம் பருத்திக்கொட்டையை மாட்டுக்கு வைப்போம். இங்கே அரைத்துப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டு மனிதருக்குக் கொடுக்கிறார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன். எங்கள் ஊர் மாடுகள் ஏன் அவ்வளவு நிதானமாக இருக்கின்றன என்பது விளங்கியது.

அதற்குப் பக்கத்தில் ஒரு பாயின் டீக்கடை. பெஞ்சில் இருந்த கிழவர் என்னைக் காட்டி உருதுவில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பாய் தமிழில் சொன்னார்: "லாரி தள்ளுன ஆளு நீங்கதானாம். தள்ளுறதப் பாத்தா வேல தேடுற ஆளு மாதிரி இருக்குங்கிறாரு. தேடுறீங்களா?"

"தேடுறேங்க."

"தண்ணிக்குள்ள பயப்படாம நிப்பீங்களா?"

"உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?"

"கால்வாய்த் தண்ணி. மாடில ஒரு கம்பெனி இருக்கு. எந்தங்கச்சி மக நஸீமா அங்கதான் வேல பாக்குது. தண்ணி ஓட்டுறாங்க."

"தண்ணி லாரியா?"

"இல்ல. கம்ப்யூட்டர்ல ஓட்டுறாங்க" என்றார் பாய். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை காலை மாடி ஏறினேன். இரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. ஏசி கம்ப்யூட்டர்களின் பக்கம் திரும்பியிருந்தது. கம்பெனியின் முதலாளி ஸ்டீபன் சார், மிஷன் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதைக் கல்லூரிதான் ஒப்புக்கொண்டிருந்தது, அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பேர் நின்றால் அவருக்கு அது வகுப்பு. என்னையும் சேர்த்தால் அன்று சரியாக இரண்டு பேர் இருந்தோம்.

வேலை இதுதான். திருவாதவூருக்கு வெளியே ஒரு பாசனக் கால்வாயின் குறுக்கே ஒப்பந்தக்காரர் ஒருவர் நான்கு கண் உள்ள சிமெண்டுப் பாலம் கட்டியிருக்கிறார். சனிக்கிழமை கால்வாயில் முழுத் தண்ணீர் திறக்கிறார்கள். பாலத்தைத் தாண்டியதும் கால்வாய் வளைகிறது. அந்த வளைவில் கரை உடையாது என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் பாலத்தை ஒப்படைக்க முடியும். எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டவர் ஸ்டீபன் சார்.

நஸீமா திரையைக் காட்டினாள். பொறியியலில் மேல்படிப்பு முடித்த பெண். யாரிடம் பேசினாலும் கண் திரையில்தான் இருக்கும். திரையில் ஒரு கால்வாய், அதில் தண்ணீர். நான் பார்த்ததிலேயே ஒழுக்கமான தண்ணீர் அது. குப்பை இல்லை, நுரை இல்லை, எருமை இல்லை.

"கால்வாய இருபது லட்சம் குட்டிப் பெட்டியா வெட்டியிருக்கோம் அண்ணே" என்றாள். "ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியப் பாத்து, அது எம்புட்டு வேகம், நான் எம்புட்டு வேகம்னு கணக்குப் போடும்."

பக்கத்து வீட்டைப் பார்த்து நடந்துகொள்ளும் இருபது லட்சம் பெட்டிகள். இதில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை.

"செரமமே சுழல்தான். நேத்து லாரியோட நின்னீங்கள்ல, ஜன்னல்ல இருந்து பாத்தேன். ஒங்களுக்குப் பின்னாடி ஒரு ஆட்டோ வந்த பக்கமே திரும்பிச்சு பாருங்க, அதான் சுழல். பாலத்துத் தூணுக்குப் பின்னாடி தண்ணியும் அப்படித்தான் திரும்பும். பெரிய சுழலுக்குள்ள சின்னது, சின்னதுக்குள்ள பொடிசு. எல்லாத்தையும் கணக்குல எடுக்க முடியாது. அதுக்கு ரெண்டு வழி இருக்கு."

முதல் வழியில் சுழல்களை எல்லாம் சேர்த்துச் சராசரி போட்டுவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டாவது வழியில் பெரிய சுழல்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து கணக்கிட வேண்டும்.

"அதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். எனக்கும் எம்புட்டு வந்துவிட்டது.

"ஒம்போது நாள்."

"ஒரு நாள் தண்ணிக்கா?"

"நாப்பது விநாடித் தண்ணிக்கு."

நான் ஸ்டீபன் சாரைப் பார்த்தேன். "கவனி" என்றார் அவர். "தண்ணி சனிக்கிழமை வருது. நஸீமாவோட கணக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரும். அதனால நாம சராசரி." சராசரி ஏற்கெனவே முடிந்து திரையில் இருந்தது. எனக்கு இதில் ஒரு சந்தேகம். எங்கள் கடற்கரையிலும் அலையின் சராசரி உயரம் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும். சராசரியில் யாரும் மூழ்கியதில்லை. சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.

சார் சாப்பிடப் போனதும் நஸீமா இரண்டாவது கம்ப்யூட்டரில் ஒன்பது நாள் கணக்கை ஓடவிட்டாள். "சார்ட்ட சொல்லாதீங்க. சராசரில கரைய சிமெண்டுன்னு போட்டுருக்காரு. வரைபடத்துல அப்படித்தான் இருக்காம். நெலத்துல அது மண்ணு அண்ணே." கணக்கில் அவள் கரையை மண்ணாக்கினாள். நான் சாட்சி.

வியாழக்கிழமை சோதனைக்காகக் கால்வாயில் பாதித் தண்ணீர் விடுவார்கள். கணக்கும் தண்ணீரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு மிதக்கும் பொருள் எதையாவது தண்ணீரில் தூவி, பாலத்திலிருந்து மூங்கிலில் கட்டிய செல்போனால் படம் பிடிக்க வேண்டும். அந்தப் பொருள் போகும் வேகமே தண்ணீரின் வேகம். வெள்ளையாக, லேசாக, மலிவாக இருக்க வேண்டும் என்றார் சார். அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். பொரி.

மூன்று மூட்டைப் பொரியோடு நானும் நஸீமாவும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். சார் பைக்கில் வந்தார். மதுரை பஸ்ஸில் மூட்டை ஏற்றினால் நடத்துநர் நம் பரம்பரையை விசாரிப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசி இருக்கையில் இருந்தவர்களை எழுப்பி எங்களை உட்கார வைத்தார். முன்னிருக்கை அம்மாள் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "வயசானவுகளா?"

பைக்கில் பின்னால் வரும் சாரைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "அறுவத்தஞ்சு இருக்கும்" என்றேன்.

"அனுபவிச்ச வயசுதான். மனசத் தேத்திக்கப்பா."

இந்த ஊர் அன்பான ஊர் என்று முடிவு செய்தேன்.

கால்வாயில் தண்ணீர் முட்டிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் வந்தால் பூத்தூவ மந்திரி வருவார், புகைப்படக்காரர் வருவார், கடைசியாகத் தண்ணீர் வரும். இங்கே தண்ணீர் மட்டும் வந்திருந்தது. சார் குடையை விரித்தார். நஸீமா மூங்கிலை நீட்டினாள். நான் பாலத்துக்கு மேல்பக்கம் இறங்கி, முதல் மூட்டையைப் பிரித்து, கைநிறையப் பொரியை அள்ளி ஓடும் தண்ணீரில் தூவினேன். வெள்ளை வெள்ளையாக அழகாகப் போனது.

சாலையில் மொபெட்டில் போன ஒருவர் இறங்கினார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். "கெளம்பியாச்சா?" என்று முதலாமவர் தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார். "எந்தத் தெரு?"

அப்போதுதான் பஸ்ஸில் நடந்தது எனக்கு விளங்கியது. நஸீமா வீட்டில் இந்த வழக்கம் இல்லை. சார் வீட்டிலும் இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் சித்தப்பாவின் பாடைக்கு முன்னால் தெரு நெடுக நானே பொரி தூவிக்கொண்டு போயிருக்கிறேன். கம்ப்யூட்டருக்காக வாங்கிய பொரி என்றதும் அது வேறு பொரி என்று நினைத்துவிட்டேன்.

வயல்பக்கமிருந்து ஓர் அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். "அடேய், எவன்டா அவன்! வெள்ளாமைக்கு வர்ற தண்ணில பொரியப் போடுறவன்! யாருக்குடா எழவு? என் நாத்துக்கா? பாடையும் கட்டிக் கொண்டாந்துருக்கியா?"

"அறிவியல் சோதனைம்மா இது" என்றார் சார் குடைக்குள்ளிருந்து.

"ஒங்க வீட்டு வாசல்ல வந்து நான் பொரியத் தூவி, இது சோதனைன்னு சொன்னா ஒத்துக்கிருவீகளா சார்?"

முப்பது வருட அனுபவத்தில் இந்தக் கேள்வி அவருக்கு வந்ததில்லை போலிருக்கிறது. குடையை மடக்கினார்.

அந்த அம்மாள் பாண்டியம்மா. வளைவின் கரைக்கு நேர்கீழே அவருடைய வயல். அதன் மூலையில் நாற்றங்கால் பச்சைப் பாய் விரித்ததுபோல் நின்றது. கிணற்றில் மிச்சமிருந்த தண்ணீரை இறைத்து வளர்த்தது. இன்னும் மூன்று நாளில் பிடுங்கி நட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் கரையில் நிற்கும் புங்கமரத்தடியில் உடைப்பெடுத்து வயல் முழுக்க மணல் மேவியதாம். அப்போது பாலம் இல்லை. "இப்ப தூணு வேற கட்டிப்புட்டாய்ங்க. தண்ணி அதுல முட்டி இங்கிட்டுத் திரும்பிப் பாக்குது. இன்னொருக்கா மணல் மேவுச்சுன்னா நான் நடவும் முடியாது, விக்கவும் முடியாது. மணல் மூட்ட கேட்டா ஆபீஸ்ல, கம்ப்யூட்டர் கம்பெனி எழுதிக் குடுக்கட்டும், கரைக்கு ஆபத்துன்னு இருந்தா தாரோம்கிறாய்ங்க. அந்தக் கம்பெனி எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு இருக்கேன்."

நாங்கள் மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்தோம்.

"நாங்கதான் அந்தக் கம்பெனி" என்றாள் நஸீமா. இதைச் சொல்ல சாருக்குத் தைரியம் வரவில்லை, எனக்கு உரிமை இல்லை.

பாண்டியம்மா உடனே எங்களை மன்னித்துவிடவில்லை. போட்ட பொரியை அள்ளினால்தான் பேச்சு என்றார். வலைக்கு வீட்டிலிருந்து கொசுவலை வந்தது. நானும் மொபெட்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தண்ணீரில் நின்று பொரியை வடிகட்டினோம். ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்றார். நஸீமா ஓடிப்போய் வாங்கி வந்தாள். பாண்டியம்மா பாலத்தின் ஓரத்தில் உடைத்து ஒரு மூடியை அவளிடம் நீட்டினார். "தின்பியா தாயி, ஒங்காளுக திங்கலாமா?" "பசிக்குது அக்கா, குடுங்க" என்றாள் நஸீமா. அதன் பிறகுதான் கோபம் இறங்கியது.

"மெதக்கணும், அம்புட்டுத்தான?" என்று பாண்டியம்மாவே கேட்டார். வீட்டில் ஒரு சாக்குக் கருக்காய் இருந்தது. விதைநெல்லைத் தண்ணீரில் போடும்போது மேலே மிதக்குமே, மணி பிடிக்காத வெற்று நெல், அது. அதைத் தூவினால் யாருக்கும் எழவு இல்லை.

என்னை வளைவில், புங்கமரத்தைத் தாண்டி அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். பாண்டியம்மா மேலிருந்து கருக்காயைத் தூவினார். பொன்னிறத்தில் ஒரு கோடாகப் பாலத்தைத் தாண்டி வந்தது. பாதி நடுவில் ஓடிப்போனது. மீதி என் பக்கம் வந்து, ஒரு வட்டம் அடித்து, வந்த திசையிலேயே கரையை உரசிக்கொண்டு மேலே போனது. அதே நேரம் என் வலது காலுக்குக் கீழே மண் கரைந்தது. யாரோ விரலால் நோண்டுவதுபோல் இருந்தது. ஓரடி தள்ளி நின்றேன். அங்கே அப்படியில்லை.

"சார், இங்க அடியில தோண்டுதுங்க" என்று கத்தினேன்.

"கோலப் பாத்துச் சொல்லு. ஒங்காலு அளவுகோல் இல்லப்பா" என்றார் சார்.

வெள்ளிக்கிழமை அறிக்கை எழுதும் நாள். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், திரும்பிப் போன கருக்காய்க்கெல்லாம் வேகம் கழித்தல் குறியோடு வந்தது. சார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கவனி. கால்வாயில தண்ணி முன்னாடி போகும். பின்னாடி போனா அது அளவீட்டுப் பிழை" என்று சொல்லி அத்தனையையும் நீக்கினார். மிச்சமிருந்த கருக்காய் சராசரியோடு அருமையாக ஒத்துப்போனது.

அப்போது ஒப்பந்தக்காரரின் மேனேஜர் போனில் வந்தார். சார் சத்தமாகப் பேசவைக்கும் பொத்தானை அழுத்தியிருந்ததால் எல்லோரும் கேட்டோம்.

"படம் நல்லாருக்கு சார். அந்த வளைவுல செவப்பா ஒரு திட்டு இருக்கே, அது வேணாம் சார்."

"சிவப்புன்னா வேகம் கூடன்னு அர்த்தம். ஆபத்துன்னு அர்த்தமில்ல."

"எனக்குத் தெரியும் சார். ஆபீசருக்குச் செவப்புன்னா ரத்தந்தான். கொஞ்சம் நீலமாக் குடுங்களேன்."

சார் பொய் எழுத மாட்டார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். எண் ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை. எந்த வேகத்திலிருந்து சிவப்பு தொடங்க வேண்டும் என்ற கோட்டை மட்டும் மூன்று மடங்கு மேலே ஏற்றினார். கால்வாய் முழுவதும் கண்ணுக்குக் குளிர்ச்சியான நீலமாகிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீரின் வேகமும் குறையவில்லை.

"சார், பாண்டியம்மா அக்கா நாத்து சார்" என்றாள் நஸீமா.

"எல்லாத்துக்கும் பாதுகாப்பு விகிதம் இருக்கும்மா" என்றார் சார். அந்த விகிதத்தில் எத்தனை நாற்று அடங்கும் என்று அவர் சொல்லவில்லை. அச்சடிக்கும் இயந்திரத்துக்குப் பிளக் தேவைப்பட்டது. மேசைக்கடியில் குனிந்து ஒன்றைப் பிடுங்கினார். இரண்டாவது கம்ப்யூட்டர் அணைந்தது.

நஸீமா அழவில்லை. அறிக்கை அச்சாகி, சார் அதை எடுத்துக்கொண்டு பாசன அலுவலகத்துக்குப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திரும்ப முடுக்கிப் பார்த்தாள். இரண்டு நாளில் கணக்கு எவ்வளவு தூரம் போயிருந்தது என்று தேடினாள். எட்டு விநாடி. நாற்பதில் எட்டு விநாடித் தண்ணீர் பிழைத்திருந்தது.

ஓடவிட்டோம். முதல் விநாடிகளில் ஒன்றுமில்லை. தூணுக்குப் பின்னால் ஒரு சுழி முளைத்தது, அறுந்தது, உருண்டுகொண்டே வளைவுக்கு வந்தது. எட்டாவது விநாடியில் கரையைத் தொட்டது. படம் அங்கே நின்றுவிட்டது. தொட்ட பிறகு என்ன செய்தது என்பது சாரின் பிளக்கோடு போய்விட்டது.

"தொட்டது எந்த எடம்?" என்று கேட்டேன். அவள் விரல் வைத்து எண்ணினாள். மரத்திலிருந்து தண்ணீர் போகும் பக்கம் இருபது அடி.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். சாரிடம் சொல்லவில்லை. பாண்டியம்மாவுக்கு அதற்குள் அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. படம் நீலமாக இருப்பதால் மூட்டை கிடையாது. கரை அரசாங்கத்துக் கரை, அதில் மண் எடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். பாலத்தடியில் ஒப்பந்தக்காரர் விட்டுப்போன காலிச் சிமெண்டுச் சாக்குகள் கிடந்தன. கிழியாதது நாற்பது தேறியது. மண்ணுக்குப் பாண்டியம்மா தன் வயல் வரப்பையே வெட்டச் சொன்னார். நான் வெட்டினேன். நஸீமா சாக்கைப் பிடித்தாள். பதினோரு மணிக்கு மூட்டைகள் தயார். எங்கே அடுக்குவது என்பதில் சண்டை வந்தது.

"மரத்தடியில அடுக்கு. போன தடவ அங்கதான் ஒடைஞ்சுச்சு" என்றார் பாண்டியம்மா.

"இல்லக்கா, இருபது அடி கீழ."

"ஒங்க கம்ப்யூட்டர்தான நல்லாருக்குன்னு சொல்லுச்சு?"

"அது வேற கம்ப்யூட்டர்க்கா."

"அதுலயும் நீதான ஒக்காந்திருந்த?"

நஸீமா மூட்டைகளை எண்ணினாள். நாற்பது மூட்டை இரண்டு இடத்துக்குப் போதாது. மதியத்துக்குள் தண்ணீர் வந்துவிடும். பாண்டியம்மா என் பக்கம் திரும்பினார். "தஞ்சாவூரு, நீ சொல்லு. அன்னைக்குக் கத்துனியே, ஒங்காலு எங்கிட்டு எறங்குச்சு?"

வடிந்த கால்வாயில் இறங்கித் தேடினேன். பாதித் தண்ணீர் தோண்டிய குழி இன்னும் அங்கே இருந்தது, கணுக்கால் ஆழத்தில். "மரத்துக்குக் கீழதான்க்கா. ஆனா இருபது அடி இல்ல. பதினஞ்சு இருக்கும்."

பாண்டியம்மா மரத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். "மூணு வருசத்துல மரம் வேர் விட்டுருக்கும். வேரு மண்ணப் புடிச்சிக்கிரும். அப்ப தண்ணி அதத் தாண்டித்தான் கடிக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "பதினஞ்சுல ஆரம்பிச்சு இருபது வரைக்கும் அடுக்கு. ஒடைஞ்சா ஒங்க ரெண்டு பேரையும் அந்தப் பொரியோட அனுப்பி வைக்கிறேன்."

தண்ணீர் இரண்டரை மணிக்கு வந்தது. பழுப்பாக, குப்பையோடு, ஒரு செத்த தென்னை மட்டையை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. தூண்களில் மோதிப் பிளந்தது. மரத்தடியில் ஒன்றும் நடக்கவில்லை. அதைத் தாண்டி, மூட்டைகளுக்கு முன்னால், தண்ணீர் வட்டமாகத் திரும்பியது. தென்னை மட்டை அங்கே வந்து சுற்றிச் சுற்றி நின்றது. மேல்வரிசையில் இரண்டு மூட்டை சரிந்தது. நான் இறங்கி முதுகைக் கொடுத்தேன். நஸீமா செல்போனில் படம் பிடிப்பதை விட்டுவிட்டு இறங்கினாள். பாண்டியம்மா சரிந்த மூட்டையைக் காலால் உதைத்து உள்ளே தள்ளினார். ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். மூன்றாவது மூட்டை சரியவில்லை.

நான்கு மணிக்கு மேனேஜர் காரில் வந்தார். கரை நிற்பதைப் பார்த்து மகிழ்ந்தார். "பாத்தீங்களா, அறிக்கை சொன்ன மாதிரியே இருக்கு" என்றார். ஒரு படம் வேண்டும், ஆனால் மூட்டை தெரியக் கூடாது என்றார். தன் ஓட்டுநரை விட்டுப் புங்கங்கிளை ஒடித்து மூட்டைகளின் மேல் போடச் சொன்னார். எங்களைச் சற்று நகரச் சொன்னார். இரண்டு பெண்களும் நகர்ந்தார்கள். நான் நகர்ந்தால் மூட்டையும் நகரும் என்று சொன்னேன். யோசித்துவிட்டு, என் தலையிலும் ஒரு கிளையைப் போடச் சொன்னார். அரசாங்கக் கோப்பு ஒன்றில் இப்போது நான் செடியாக இருக்கிறேன்.

ஸ்டீபன் சாரும் பைக்கில் வந்து சேர்ந்தார். மூட்டையைப் பார்த்தார். சுற்றிக்கொண்டிருந்த மட்டையை வெகுநேரம் பார்த்தார். நஸீமா எட்டு விநாடியைப் பற்றிச் சொன்னாள். அவர் எதுவும் நீக்கவில்லை. "மண்ணுன்னு போட்டியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னிடம் வந்து, தேனிப் பக்கம் இன்னும் ஆறு பாலம் இருக்கிறது, அளவுகோல் பிடிக்க நிரந்தரமாக ஆள் வேண்டும், வருகிறாயா என்றார். ஏசி அறையில் ஒரு நாற்காலியும் உண்டு என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அன்று பாண்டியம்மா வீட்டில் அயிரைமீன் குழம்பு. பொடி மீன், தலையோடு தின்ன வேண்டும். எங்கள் கடற்கரையில் இந்த அளவு மீனைக் காக்கைக்கு எறிவோம். நான்கு தடவை சோறு வாங்கினேன். அங்கேயே திண்ணையில் படுத்தேன்.

மறுநாள் விடியும்போது மடை திறந்து பாய்ச்சிய தண்ணீர் வயலில் நின்றது. வரப்பு வெட்டிய இடம் மட்டும் குழியாகத் தெரிந்தது. டிராக்டர் சேற்றைக் குழப்பித் தொளி உழுதுகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் நாற்றங்காலில் குனிந்து நாற்றைப் பிடுங்கி, வேரை அலசி, முடி முடியாகக் கட்டிப் போட்டார்கள். முடிகளை வயலுக்குச் சுமக்க வந்திருக்க வேண்டிய ஆள் வரவில்லை. பாண்டியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சொமப்பியா?"

"சொமப்பேன்."

துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தேன். முதல் கட்டு ஏறியதும் வேர்த்தண்ணீர் கழுத்து வழியே முதுகில் இறங்கியது. வரப்பில் இரண்டடி வைத்ததும் கால் வழுக்கியது. பெண்கள் சிரித்தார்கள்.

"தஞ்சாவூரு, நாத்து கீழ விழுந்துச்சு, நீ செத்த" என்றார் பாண்டியம்மா. நான் காலை அகட்டி ஊன்றி, அடுத்த அடியை வைத்தேன்.